எங்கே அழுத்துகிறது

அரவேணுவுக்குக் கீழே, தேயிலைக் காட்டின் நடுவில் இருக்கும் எஸ்டேட் டிஸ்பென்சரியில் இந்துமதி நர்ஸ். வயது இருபத்தாறு. காலை ஏழரைக்குக் கதவைத் திறந்தால் மாலை நான்கு வரை அவளுக்கு ஒரே கேள்விதான். "எங்க வலிக்குது?" கொழுந்து பறிக்கிறவர்கள் வரிசையாக வந்து பெஞ்சில் உட்காருவார்கள். அட்டை கடித்த கணுக்கால், கவாத்துக் கத்தி கீறிய விரல், மூட்டை சுமந்து இறுகிப்போன கழுத்து. கேட்டால் பாதிப் பேர் "பரவாயில்ல நர்ஸம்மா" என்பார்கள். பரவாயில்லை என்று உடம்பில் ஓர் இடம் கிடையாது. அவள் பொறுமையாக அமுக்கிக்கொண்டே போய், எந்த இடத்தில் மூச்சை உள்ளே இழுக்கிறார்கள் என்று பார்த்து, அங்கே மருந்து போடுவாள்.

சனிக்கிழமை அரை நாள். அன்றைக்கு மட்டும் ஒரு மணிக்கு டிஸ்பென்சரியைப் பூட்டிவிட்டுக் குன்னூர் பஸ்ஸில் ஏறிவிடுவாள். மூன்று மணிக்கு அங்கே ஒரு பழைய சர்ச் ஹாலில் பாலே நடன வகுப்பு.

அந்த வகுப்புக்குள் அவள் போய்ச் சேர்ந்தது மழையினால். நான்கு வருஷத்துக்கு முன்னால் மருந்துப் பெட்டி வாங்க வந்தவள், திடீரென்று மழை பிடித்துக்கொள்ள, ஹாலின் தகரத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றாள். ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. அதற்கு அப்பால் ஐந்தாறு பெண்கள் இடுப்புயர மரக்கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, காலை மெல்ல வெளியே நீட்டி, மெல்லத் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீருக்கு அடியில் யாரோ நடக்கிறமாதிரி இருந்தது. பியானோ சத்தம் மழையோடு கலந்து வந்தது. கதவு திறந்து, சொல்லிக்கொடுக்கிற பெண்ணே வெளியில் வந்தாள். இந்துமதியைவிட இரண்டு வயதுதான் கூட இருக்கும். கெஸியா என்று பேர்.

"நனையாதீங்க. உள்ள வந்து நில்லுங்க."

அன்றைக்கு நின்றாள். அடுத்த சனிக்கிழமை மழை இல்லை. ஆனாலும் போனாள், செருப்பைக் கழற்றினாள். அதன்பிறகு ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை. கெஸியாவை மற்றவர்கள் கூப்பிடுகிறபடி "மிஸ்" என்று கூப்பிடப் பழகிக்கொண்டாள்.

இந்த ஜூன் மாதம் ஒருநாள் வகுப்பு முடிந்ததும் கெஸியா அவளை நிறுத்தி, ஒற்றைக் காலில் இருபத்தைந்து தரம் குதிகால் உயர்த்தி இறங்கச் சொன்னாள். மறுகாலிலும் அதேபோல. முடிந்ததும் கணுக்காலைத் தொட்டுப் பார்த்தாள்.

"உன் கால் தயாராயிருச்சு இந்து. இனிமே பாயிண்ட் ஷூ போடலாம்."

விரல்நுனியில் நிற்பதற்கான ஷூ அது. மேலே பட்டுத்துணி, நுனியில் கல்லுமாதிரி கெட்டியான ஒரு கூடு, அதற்குப் பெட்டி என்று பேர், அடியில் முதுகெலும்புபோல ஒரு கட்டை. நான்கு வருஷமாக இந்துமதி அதைப் போனில் மட்டுமே பார்த்திருந்தாள்.

"எங்க கிடைக்கும் மிஸ்?"

"கடையில வாங்கறது இல்ல. அக்டோபர்ல கோயமுத்தூர்ல இருந்து வேணி அக்கா வருவாங்க. வருஷத்துக்கு ரெண்டு தரம் மேல வர்றாங்க. அவங்க காலைப் பார்த்து, அளவு பார்த்துதான் போடணும். தப்பான ஷூ கணுக்காலையே உடைச்சிரும். அதுவரைக்கும் பொறு."

பொறுத்தாள், ஒரு மாதம். அந்த ஒரு மாதமும் அவளுக்கு ஒரே கனவு. கவாத்து வெட்டி மட்டமாக்கிய தேயிலைச் செடிகள், மலைச்சரிவு முழுக்கப் பச்சை மெத்தை விரித்தாற்போலக் கிடக்கின்றன. அவள் அதன்மேல் விரல்நுனியால் நடந்து போகிறாள். ஒரு கொழுந்துகூட மடங்கவில்லை. கீழே ஆட்கள் பறித்துக்கொண்டிருக்கிறார்கள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மூடுபனியாய் மஞ்சு ஏறி வருகிறது, முழங்கால் வரை, இடுப்பு வரை. அப்புறம் செடியும் தெரியாது, காலும் தெரியாது. நடப்பது மட்டும் நிற்காது. விழித்த பிறகும் அரைமணி நேரம் பாதத்தில் அந்த லேசான உணர்வு இருந்துகொண்டே இருக்கும். ஊசிமருந்தை உறிஞ்சி எடுக்கும்போது, கட்டுத்துணி கத்தரிக்கும்போதெல்லாம் அது திரும்பி வரும்.

ஜூலையில், யாரிடமும் சொல்லாமல், போனில் ஒரு ஜோடி வாங்கிவிட்டாள். எங்கோ தூரத்து ஊரில் நடனத்தை விட்டுவிட்ட யாரோ ஒருத்தி, மிஞ்சியிருந்த சில ஜோடிகளை விற்றுக்கொண்டிருந்தாள். எந்த அளவு என்று கேட்டபோது இந்துமதி யோசிக்கவே இல்லை. "அகலமானது" என்று எழுதினாள். தன்னுடையது அகலக் கால், தேயிலைக் காட்டுக் கால் என்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த விஷயம்.

பார்சல் டிஸ்பென்சரிக்கே வந்தது. மத்தியானம் ஆட்கள் சாப்பிடப் போன நேரத்தில் கதவைத் தாழிட்டு, கட்டிலில் உட்கார்ந்து மாட்டினாள். ரிப்பனைக் கணுக்காலில் சுற்றினாள். மருந்து அலமாரியைப் பிடித்துக்கொண்டு விரல்நுனியில் எழுந்தாள்.

சுவரின் உச்சியில் காற்றுக்கென்று ஒரு சின்ன ஜன்னல் உண்டு. ஆறு வருஷமாக அதில் வானம் மட்டும்தான் தெரிந்திருக்கிறது. அன்றைக்கு அதில் மலையின் மறுபக்கம் தெரிந்தது. சரிவு சரிவாக இறங்கி, கீழே மேட்டுப்பாளையத்துப் பக்கம் வெயில் காயும் சமவெளி, அதன் நடுவே ஒரு வெள்ளிக்கோடு. ஆறாக இருக்கலாம். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். வலித்தது. வலிக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டாள்.

தினம் பத்து நிமிஷம். ஆகஸ்டு முழுக்க. செப்டம்பரில் வலதுகால் கட்டைவிரல் நகம் நீலமாகி, பிறகு கறுத்தது. மருந்து வைத்து, வெள்ளைப் பிளாஸ்திரி சுற்றி, மேலே சாக்ஸ் போட்டுக்கொண்டாள். சனிக்கிழமை வகுப்பில் கெஸியா, "என்ன, ஒரு பக்கமா இறங்கறே?" என்று கேட்டாள். "பரவாயில்ல மிஸ்" என்றாள் இந்துமதி.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேணி வருவதாகத் தகவல் வந்தது. அன்றைக்கு அம்மாவுக்கும் லீவு. சின்னம்மை என்று பேர், எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள். கைக்குழந்தையாகச் சிலோன் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தவள் என்பதால் அவள் பேச்சில் அவளைப் பெற்றவர்களின் வார்த்தைகள் அப்படியே இருக்கும்.

"எங்க புள்ள கெளம்பிட்ட?"

"ஷூ வாங்கப் போறேம்மா. டான்ஸ் கிளாஸுக்கு."

"சப்பாத்தா? இரு, நானும் வாறேன். மார்க்கெட்டுக்கும் போவணும்."

"நீ எதுக்கும்மா? நேரமாகும்."

"ஆவட்டும். சப்பாத்து வாங்கறதுன்னா ரெண்டு கண்ணு பத்தாது தாயி."

மறுத்துச் சொல்ல முடியவில்லை. மார்க்கெட்டில் கேரட்டும் பீன்ஸும் வாங்கிக்கொண்டு, இருவரும் ஹாலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. காலை ஆராதனை முடிந்து ஆட்கள் போய்விட்டிருந்தார்கள். மரத்தரையில் வெயில் சதுரம் சதுரமாகக் கிடந்தது. நடுவில் இரண்டு பெரிய சூட்கேஸ்கள் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. உள்ளே வரிசை வரிசையாக, வெளிறிய ரோஜா நிறத்தில், ஜோடி ஜோடியாக ஷூக்கள். முட்டையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த ஏதோ குஞ்சுகள் அடுக்கி வைத்தாற்போல இருந்தது. இந்துமதி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"வாங்க கண்ணு, வாங்க. ஏனுங்கம்மா, நீங்களும் வந்து உக்காருங்க." வேணிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் அளவு டேப், தரையில் முட்டிபோட்டு உட்காருவதற்கு ஒரு தலையணை. குரல் தாழ்வாக, அவசரமே தெரியாத குரல். கெஸியா ஜன்னலோரம் நின்று சிரித்தாள்.

சின்னம்மை பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

இந்துமதி பாதம் வரை மூடிய ரோஜா நிறக் காலுறை போட்டுக்கொண்டு வந்திருந்தாள். வேணி தலையணைமேல் முட்டிபோட்டு, அவளுடைய வலதுபாதத்தைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்துக்கொண்டாள். இந்துமதிக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. ஊரார் காலையெல்லாம் கழுவித் துடைத்துக் கட்டுப் போட்டிருக்கிறாள். அவள் காலை இப்படி ஒருவர் கையில் ஏந்தியது கிடையாது. வேணியின் விரல்கள் குதிகாலிலிருந்து முன்னே நகர்ந்து, ஒவ்வொரு எலும்பாகத் தடவி, விரல்களிடம் வந்து நின்றன.

"இங்க என்னங்க, பிளாஸ்திரி?"

"சின்னக் கொப்புளம்ங்க."

"ம்." வேணி ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கு அகலக் கால்ங்க" என்றாள் இந்துமதி, முந்திக்கொண்டு.

"அப்படிங்களா? சரி, அகலத்துல இருந்தே ஆரம்பிப்போம். போட்டுப் பாத்தாத் தெரிஞ்சிரும்."

முதல் ஜோடி. இரண்டு காலையும் அகட்டி வைத்து முழங்காலை மடக்கச் சொன்னாள். அப்போதுதான் பாதம் முழுசாக நீளும். பிறகு மரக்கம்பியைப் பிடித்து, ஒரு காலை மட்டும் நுனிமேல் ஏற்றச் சொன்னாள்.

"எப்படி இருக்குதுங்க?"

"சரியா இருக்குதுங்க."

வேணி கழற்றிவிட்டு இரண்டாவது ஜோடியைப் போட்டாள். அதே சோதனை.

"இது?"

"இதுவும் சரியா இருக்குதுங்க."

மூன்றாவது.

"நல்லா இருக்குதுங்க. பரவாயில்லைங்க."

வேணி தலையணைமேல் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தாள். கோபம் இல்லை, முகத்தில் ஒரு வேடிக்கைதான்.

"ஏனுங்க இந்துமதி, மூணும் வேற வேற அளவுங்க. ஒண்ணு தொளதொளன்னு இருக்கும், ஒண்ணு இறுக்கிப் புடிக்கும். மூணும் எப்படிங்க சரியா இருக்கும்? உங்க கால் உள்ள என்ன படுதுன்னு எனக்கு வெளிய இருந்து தெரியாது. நீங்க சொன்னாத்தான் தெரியும்."

பொருந்தவில்லை என்று சொன்னால் அவர்கள் சூட்கேஸை மூடிவிடுவார்களோ, உன் காலுக்கு ஒன்றும் ஆகாது, போ என்று சொல்லிவிடுவார்களோ என்று இந்துமதிக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதை எப்படிச் சொல்வது?

"அவ சொல்ல மாட்டா" என்றது பெஞ்சிலிருந்து ஒரு குரல். தூங்கிவிட்டாள் என்று எல்லோரும் நினைத்திருந்த சின்னம்மை.

"சின்னதுலயும் அப்பிடித்தான். முள்ளு குத்துனாலும் வாயத் தொறக்க மாட்டா. ஆனா வலிச்சா இடது கையி பெருவெரல மடக்கி உள்ளங்கைக்குள்ள ஒளிச்சு வச்சுக்குவா. இந்தா, இப்பப் பாருங்க."

எல்லோரும் பார்த்தார்கள். இந்துமதியும் குனிந்து பார்த்தாள். அவளுடைய இடதுகைக் கட்டைவிரல் மற்ற நான்கு விரலுக்குள்ளே, கூட்டுக்குள் போன நத்தைமாதிரி, சுருண்டு கிடந்தது. அப்படிச் செய்கிறோம் என்று அவளுக்கே அன்றுவரை தெரியாது.

எங்கோ ஊட்டிக்குப் போகிற ரயில் கூவியது.

"காலுறையைக் கழட்டுங்க கண்ணு" என்றாள் வேணி.

பிளாஸ்திரியைப் பிரித்தபோது நகம் கருநாவல்பழம்போல இருந்தது. ஜன்னலோரம் நின்ற கெஸியா வேகமாக வந்தாள்.

"இது கொப்புளமா? எப்பத்துல இருந்து?"

இந்துமதி எல்லாவற்றையும் சொன்னாள். போனில் வாங்கியதை, கதவைத் தாழிட்டதை, தினம் பத்து நிமிஷத்தை. சின்ன ஜன்னலில் தெரிந்த வெள்ளிக்கோடு பற்றியும் சொன்னாள். ஏன் அதையும் சொன்னோம் என்று தெரியவில்லை.

"நாலு வருஷம் பொறுத்தே. இன்னும் நாலு மாசம் பொறுக்க முடியலையா?" கெஸியாவின் குரல் உடைந்தது. "கீழ விழுந்திருந்தா? நீ நர்ஸு இந்து. உன்கிட்ட வர்ற ஒருத்தங்க இப்படிப் பண்ணியிருந்தா விட்டிருப்பியா?"

இந்துமதிக்குக் கண்ணீர் முட்டியது, விழவில்லை. அவளுக்கு அதைவிட, கெஸியா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலுக்குப் போனதுதான் வலித்தது.

வேணி மட்டும் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், கடிதம் படிக்கிறவள்போல.

"திட்டறதை அப்பறம் வெச்சுக்கலாம் கெஸியா. இந்த நகம் எனக்கு நிறையச் சொல்லுது. ஏனுங்க, அந்த ஷூ இறுக்கமா இருந்துச்சா, லூசா இருந்துச்சா?"

"இறுக்கம்னுதான் நினைச்சேன். வலிச்சுதே."

"இல்லைங்க. லூசு. பெட்டி அகலமா இருந்தா கால் பக்கவாட்டுல புடிமானம் இல்லாம, கிணத்துக்குள்ள வாளி இறங்கற மாதிரி நேரா இறங்கிரும். மொத்த ஒடம்பும் கட்டைவிரல் நகத்து மேல போய் உக்காந்துக்கும். சரியான ஷூவுல நீங்க விரல்மேல நிக்க மாட்டீங்க. பாதத்தைச் சுத்தி ஷூ உங்களைத் தூக்கிப் புடிச்சிருக்கும்." அவள் பாதத்தை இரண்டு கையாலும் சேர்த்து அணைத்துப் பிடித்தாள். "இந்த மாதிரி. யாருங்க உங்களுக்கு அகலக் கால்னு சொன்னது? இது ஒடிசலான கால். குதிகால் இன்னும் ஒடிசல்."

இந்துமதி தன் காலையே யாரோ ஒருவருடையதைப்போலப் பார்த்தாள்.

"நாந்தான்" என்றாள் சின்னம்மை மெதுவாக. "பள்ளிக்கொடத்துக்கு கேன்வாஸ் சப்பாத்து வாங்கயில ரெண்டு நம்பரு பெருசாத்தான் வாங்குவேன். மூணு வருசத்துக்கு வரணுமே. இது பெருசா இருக்கேம்மான்னு அழுவா. ஒனக்கு அகலக் காலு, சரியா இருக்கும்னு சொல்லிச் சொல்லியே போட்டு விட்டேன்." பையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தாள். "அது சும்மா சொன்னது தாயி."

இருபது வருஷமாக எலும்பென்று நம்பியிருந்தது ஒரு பேச்சுதான் என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? இந்துமதிக்குச் சிரிப்பு வந்தது. எதற்கென்று தெரியாமல் சிரித்தாள். சிரிக்கும்போதுதான் கண்ணீர் விழுந்தது. அம்மாவும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

வேணி புதிதாக ஆரம்பித்தாள். நகத்துக்கு மெல்லிய பஞ்சு வைத்து, காலுறையை மாட்டச் சொன்னாள்.

"இப்ப கண்ணை மூடிக்குங்க. நல்லா இருக்குது, சரியா இருக்குதுங்கற வார்த்தையெல்லாம் வேண்டாம். உள்ள எங்க என்ன படுதுன்னு மட்டும் சொல்லுங்க. தப்பா சொன்னாலும் ஒண்ணும் ஆகாது."

இரண்டு மணிக்கு மேல் மஞ்சு வந்தது. தரையில் கிடந்த வெயில் சதுரங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. திறந்திருந்த ஜன்னல் வழியே அது ஹாலுக்குள்ளேயே நுழைந்து, மேலே உத்தரத்தில் ஏறி, கீழே சூட்கேஸ்களின்மேல் படர்ந்தது. யாரும் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தவில்லை. கண்ணை மூடியிருந்த இந்துமதிக்கு முகத்தில் அந்த ஈரம் தெரிந்தது. பிறகு அதுவும் மறந்துபோய், உலகம் முழுவதும் இரண்டு பாதம் அளவுக்குச் சுருங்கிவிட்டது. அந்த இரண்டு பாதத்துக்குள் எத்தனை ஊர்கள்! எத்தனை சந்துகள்!

"இடதுல… சுண்டுவிரலுக்கு வெளிப்பக்கம் ஒரு விளிம்பு படுது. வெட்டற மாதிரி இல்ல. மோதிரம் இறுக்கற மாதிரி."

"ம். இன்னும்?"

"வலதுல குதிகாலுக்குப் பின்னால துணி தளர்ந்து நிக்குது."

வேணி விரலால் அங்கே துணியைக் கிள்ளிப் பார்த்தாள். "ஆமாங்க. ரொம்பவே இருக்குது." நான்காவது ஜோடி போய் ஐந்தாவது வந்தது.

"இது கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவுல ஒரு வெத்து இடம். அழுத்தம் இல்ல… ஆளில்லாத ரூம் மாதிரி."

வேணி வாய்விட்டுச் சிரித்தாள். "இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கறேன். ஆளில்லாத ரூம்னு யாரும் சொன்னதில்லைங்க. சரி, ஆளைக் குடி வைப்போம்."

எத்தனை நேரம் போயிற்று என்று தெரியவில்லை. ஒருமுறை கண்ணைத் திறந்தபோது கெஸியா பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்து, கழற்றிய ஷூக்களைத் துணிப்பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். இந்துமதியைப் பார்க்கவில்லை. ஆனால் வந்து உட்கார்ந்திருந்தாள். பெஞ்சில் அம்மா முன்னால் சாய்ந்து, மகளின் இடதுகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வெரல வெளிய விட்டுட்டா" என்று வேணிக்குச் சொன்னாள்.

ஆறாவது ஜோடியில் இடதுகால் நின்றது. எந்தப் பக்கமும் வழுக்காமல், எங்கும் குத்தாமல், சுற்றிலும் ஒரே மாதிரியான பிடி. ஆனால் அதிலேயே வலதுகால் இன்னும் கொஞ்சம் இறங்கியது. ஏழாவது ஜோடி அரை அளவு சின்னது, பெட்டியும் குறுகல். அதில் வலதுகால் கச்சிதம், இடது நெருக்கம்.

இந்துமதி இரண்டையும் சொன்னாள். சொல்லிவிட்டு, பயந்துகொண்டே கேட்டாள்: "அப்ப ரெண்டுமே எனக்கு ஆகாதுங்களா?"

"ஆகாதுன்னு யார் சொன்னா?" வேணி ஆறாவதில் ஒன்றையும் ஏழாவதில் ஒன்றையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். "பாயிண்ட் ஷூவுல இடது வலது கிடையாதுங்க. ரெண்டும் ஒரே மாதிரிதான் தைப்பாங்க. போடற கால்தான் அதை இடதோ வலதோ ஆக்கும். இதுல ஒண்ணு, அதுல ஒண்ணு எடுத்துக்குங்க."

"மிச்சம் ரெண்டு?"

"வெச்சிருப்பேன். உங்களுக்கு நேரெதிர்க் கால் உள்ள ஒருத்தி எங்காச்சும் இருப்பா. வலது கொஞ்சம் பெருசு, இடது ஒடிசல். என்னைக்காவது வருவா."

இந்துமதி அந்த இரண்டு ஒற்றை ஷூக்களையும் பார்த்தாள். முகமே இல்லாத ஒருத்தி, கடலோர ஊரிலோ, சமவெளியில் ஒரு மாடி வீட்டிலோ, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவள்போல, இவளுடைய கால்களைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நடந்து திரிகிறாள். இன்னும் அவளுக்குத் தெரியாது.

"ஒரே ஒரு தரம் ஏறிப் பாருங்க. ரெண்டு கால்லயும்" என்றாள் வேணி.

மரக்கம்பியை இரண்டு கையாலும் பிடித்தாள். எதிரே ஜன்னலில் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. முழங்காலை மடக்கி, தரையைத் தள்ளி, ஏறினாள்.

தேயிலைமேல் நடந்த அந்தக் கனவில் இருந்த லேசான உணர்வு இதில் இல்லை. கனவில் உடம்புக்குக் கனமே கிடையாது. இங்கே முழுக் கனமும் இருந்தது. ஆனால் அது ஒரு இடத்தில் விழாமல், பாதத்தைச் சுற்றி, கணுக்காலைச் சுற்றி, இடுப்பு வரைக்கும் பங்கு போட்டு ஏறியிருந்தது. நகம் எதையும் தொடவில்லை. மஞ்சு மெதுவாக நகர்ந்துகொண்டிருந்ததால் ஹாலே ஒரு பக்கமாக மிதந்து போவதுபோலவும், தான் மட்டும் நட்டுவைத்த கம்புபோல நிற்பதாகவும் தோன்றியது. மூன்று எண்ணிக்கை இருக்கும்.

"எங்க அழுத்துது?" என்று கேட்டது கெஸியா.

"இடது வளைவுக்குக் கீழ கொஞ்சம். மத்தபடி… எல்லா இடத்துலயும் சமமா."

"எறங்கு. போதும்."

இறங்கினாள். கெஸியா எழுந்து வந்து அவள் எதிரே நின்றாள்.

"இப்ப என்கிட்ட ஒரு சத்தியம் பண்ணு. அந்த நகம் ஆறி, புது நகம் பாதி வர்ற வரைக்கும் இதைப் போடக் கூடாது. நான் பார்த்து சொன்னப்பறம்தான். அந்தப் பழைய ஷூவைத் தொடவே கூடாது."

"மாட்டேன் மிஸ்."

"மிஸ்னு கூப்பிடறதையும் நிறுத்து. ரெண்டு வயசுக்கு என்ன மிஸ்? எனக்குக் கோவம் இன்னும் போகல. ஆனா கால் நல்லா நின்னுச்சு."

வெளியே வந்தபோது பத்தடிக்கு அப்பால் சாலை தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை அம்மாவும் மகளும் ஒருவர் முழங்கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

"இவ்வளவு கஷ்டப்பட்டு அதும்மேல நின்னு என்னா தாயி பண்ணுவீங்க?" என்று கேட்டாள் சின்னம்மை.

"இறங்குவோம்மா. அப்பறம் திரும்ப ஏறுவோம்."

அம்மா காய்கறிப் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "மலையில நாம பண்றதும் அதான்" என்றாள். இருவரும் மஞ்சுக்குள்ளே சிரித்துக்கொண்டு போனார்கள்.

நகம் ஆற இரண்டு மாதத்துக்கு மேல் பிடித்தது. இந்துமதி சத்தியத்தைக் காப்பாற்றினாள். நவம்பரில் ஒருநாள் பழைய ஜோடியில் ஒன்றை எடுத்து, கட்டு வெட்டுகிற கத்தரியால் நுனியைப் பிளந்து பார்த்தாள். உள்ளே சாக்குத்துணி, காகிதம், பசை. அடுக்கடுக்காக ஒட்டிக் காய்ந்தது. வேறொன்றுமில்லை. ஏமாற்றம் வரும் என்று நினைத்தாள், வரவில்லை. வெறும் கோணியும் பசையும் சேர்ந்து ஒரு ஆளைத் தூக்கி நிறுத்துகிறதே என்று அதிசயமாக இருந்தது. மடித்துக் குப்பையில் போட்டாள்.

டிசம்பர் கடைசியில் கெஸியா காலைப் பார்த்துவிட்டுச் சரி என்றாள். மறுநாள் காலை இந்துமதி வாசலில் வெயிலுக்கு உட்கார்ந்து, புது ஷூக்களுக்குத் தானே ரிப்பன் தைத்தாள். அதை ஆடுகிறவளே தைத்துக்கொள்ள வேண்டும் என்பது முறை. காயத்துக்குத் தையல் போட டாக்டரிடம் பார்த்துப் பழகிய கை. சின்னச் சின்னதாக, நெருக்கமாக, விளிம்புக்குள் ஓடும் இழுநாடாவில் ஊசி படாமல் போட்டாள். இடதுக்குள்ளே பேனாவால் ஒரு புள்ளி வைத்தாள், மாறிவிடாதிருக்க.

அடுத்த சனிக்கிழமை வகுப்பின் கடைசி ஐந்து நிமிஷம் அவளுக்கென்று ஒதுக்கப்பட்டது. மற்ற பெண்கள் சுவரோரம் உட்கார்ந்து பார்த்தார்கள். கெஸியா போனில் பியானோவைப் போட்டாள். மரக்கம்பியைப் பிடித்து, எட்டு தரம் ஏறி, எட்டு தரம் இறங்க வேண்டும். அவ்வளவுதான் பாடம்.

முதல் தரம் மரக்கம்பியை இறுக்கிப் பிடித்தாள். மூன்றாவதில் மூச்சு நினைவுக்கு வந்தது. ஐந்தாவதில் இடது வளைவில் எரிச்சல் எடுக்க, நிறுத்தாமலே, "இடது வளைவு எரியுது கெஸியா" என்றாள். "எரியட்டும், அது தசை. முழங்காலை இழு" என்றாள் கெஸியா. ஏழாவதில் அவள் எதையும் எண்ணவில்லை. இசை ஏறியபோது ஏறினாள், இறங்கியபோது இறங்கினாள். யார் யாரைத் தூக்குகிறார்கள் என்று தெரியாத ஒரு நிமிஷம் அது. எட்டாவது முடிந்தது.

"போதும். இன்னைக்கு இவ்வளவுதான்."

சுவரோரம் ஒருத்தி கை தட்டினாள்.

ரிப்பனை அவிழ்த்து, ஷூக்களைக் காற்றாட ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, இந்துமதி வெறுங்காலோடு பின்கதவு வழியே வெளியே போனாள். புல்லில் தண்ணீர்க்குழாய் ஒன்று இருந்தது. திறந்தாள். மலைத்தண்ணீர் பனிக்கட்டிபோல வந்து பாதத்தில் விழுந்தது. விரல்கள் பத்தும் சிவந்து, விரிந்து, ஒவ்வொன்றாக உயிர் வந்து அசைந்தன. எதிர்ச்சரிவில் மாலை வெயில் தேயிலையின்மேல் படுத்துக்கிடந்தது. குழாயை மூட மனமில்லாமல் அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.